வீட்டில் செய்யும் கிருமிநாசினிகள்: சித்தூர் தாலுகாத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கே பாலக்காடு, கிழக்கே பொள்ளாச்சி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி என்று இந்த எல்லை ஊர்களின் தமிழ் வீடுகளில் இரண்டு பக்கத்துப் பழக்கமும் கலந்தே இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூந்திக்கொட்டையும் மலையாளத்து வீடுகளில் பார்த்துப் பழகிய புல்தைலமும் ஒரே அலமாரியில் இருக்கும். கடையில் விற்கும் திரவங்களின் நெடியும் விலையும் வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இப்போது நிறைய. நல்ல எண்ணம்தான். ஆனால் எது அழுக்கை எடுக்கும், எது கிருமியைக் கொல்லும் என்று தெரியாமல் செய்தால், வீடு சுத்தம் என்று நம்பிக்கொண்டே நோயை உள்ளே வைத்திருப்போம். அக்கம்பக்கத்தில் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

அக்கா, வீட்டுல இருக்கிற சாமானை வெச்சே கிருமியெல்லாம் கொல்ல முடியுங்களா?

சிலவற்றால் முடியும். கொதிக்கும் தண்ணீர் கொல்லும். புதிதாகக் கரைத்த சுண்ணாம்பு கொல்லும். நல்ல வெயில் பெருமளவு குறைக்கும். எலுமிச்சை, வினிகர், ஆப்பசோடா, வேப்பிலை, பூந்திக்கொட்டை இவையெல்லாம் அழுக்கை எடுக்கும், வாடையை எடுக்கும், கிருமியின் எண்ணிக்கையையும் ஓரளவு குறைக்கும். அவற்றைக் கிருமிநாசினி என்று நம்பி நோயாளி இருக்கும் அறையை ஒப்படைக்க முடியாது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். சாதாரண நாளில் ஒரு வீட்டுக்குக் கிருமிநாசினியே தேவையில்லை. சோப்பும் தண்ணீரும் கை வலிக்கத் தேய்ப்பதும் போதும். சோப்பு கிருமியைப் பிசுக்கோடு சேர்த்துக் கிளப்பித் தண்ணீரில் போக்கிவிடுகிறது. கொரோனா, சாதாரண ஃப்ளூ, 2018ல் கோழிக்கோட்டைக் கலங்கடித்த நிபா போன்ற வைரஸ்களுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு அந்த உறையையே உடைத்துவிடும். பத்து ரூபாய்ச் சோப்புக்கு இத்தனை பலம் இருக்கும்போது நாம் வேறெங்கோ தேடுகிறோம்.

கிருமியைக் கொல்ல வேண்டிய நாட்கள் சில உண்டு. வீட்டில் வாந்திபேதி, மஞ்சள்காமாலை. கோழி, மீன் வெட்டிய பலகை. ரத்தம் சிந்திய இடம். வெள்ளம் புகுந்த தரை. அன்றைக்கு என்ன செய்வது என்று கீழே தனியாகச் சொல்கிறேன்.

எந்த நாளானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் கூட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, அழுக்கு போன பிறகே கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்தின் பலம் அழுக்கோடு போய்விடும். ஊற்றிய உடனே துடைத்து எடுப்பதும் வீண். மருந்துக்கு நேரம் வேண்டும்.

வினிகர் போட்டுத் துடைச்சாப் போதும்னு எல்லாரும் சொல்றாங்க. கள்ளுல இருந்து எடுக்கிற காடியும் ஆகுங்களா?

சித்தூர்ப் பக்கம் கள்ளுக்குப் பேர்போன ஊர். புளித்த கள்ளிலிருந்து காடி எடுக்கும் வழக்கமும் கேரளத்தில் பழையது. கடை வினிகரானாலும் கள்ளுக்காடியானாலும் வேலை செய்வது அசிட்டிக் அமிலம்தான். கடைப் புட்டியில் அது 4 அல்லது 5 சதவீதம் இருக்கும். வீட்டுக் காடியில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் காடியை மீன் குழம்புக்கு வைத்துக்கொண்டு, துடைக்க மலிவான வெள்ளை வினிகரை எடுங்கள்.

கண்ணாடி, குழாய், குளிர்பெட்டியின் உள்பக்கம், கெட்டிலில் படியும் வெள்ளைப் படிவு இவற்றுக்கு வினிகர் மிக நல்லது. சில பாக்டீரியாக்களையும் அடக்கும். ஆனால் வாந்திபேதி தரும் நோரோ வைரஸ், சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்றவற்றிடம் அதை நம்ப முடியாது.

ஆப்பசோடாவையும் வினிகரையும் சேத்தா நல்லா நுரைக்குது. அப்ப பலம் ஜாஸ்திதானுங்களே?

நுரை கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். ஆப்பசோடா காரம், வினிகர் அமிலம். சேர்ந்ததும் ஒன்றையொன்று முறித்து, கரியமில வாயுவும் தண்ணீரும் சோடியம் அசிட்டேட் என்ற உப்பும் ஆகிவிடும். நுரை அடங்கிய பிறகு கையில் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். அடைத்த குழாயில் அழுக்கைக் கொஞ்சம் அசைத்துக் கொடுக்கும்.

தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பசோடா தேய்க்க, வினிகர் துடைக்க. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்படிக்கு ஆப்பசோடாவைவிடச் சலவைச் சோடா மலிவு, வேகமும் அதிகம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலை அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் போடாதீர்கள், கறுத்துவிடும்.

எலுமிச்சைத் தோல்ல பயோ என்சைம் போடறோம். அது கிருமியைக் கொல்லுங்களா? எப்படிப் போடறது சரி?

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அளவு எளிது: வெல்லம் 1 பங்கு, எலுமிச்சை அல்லது ஆரஞ்சு அல்லது சாத்துக்குடித் தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. எடைக் கணக்கு. 100 கிராம் வெல்லத்துக்கு 300 கிராம் தோலும் ஒரு லிட்டர் தண்ணீரும். பிளாஸ்டிக் புட்டியில் கால் பங்கு காலியாக விட்டு ஊற்றி வையுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். உள்ளே வாயு சேரும், வெடித்துவிடும். முதல் மாதம் முழுக்கத் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். மூன்று மாதம் கழித்து வடிகட்டலாம்.

நல்லதாக வந்தால் நிறம் பழுப்பு, வாடை புளித்த பழ வாடை. மேலே வெள்ளைப் படலம் வந்தால் கெட்டதில்லை, ஈஸ்ட்தான். கறுப்பாகவோ பச்சையாகவோ பூசணம் பிடித்து, அழுகல் நாற்றம் அடித்தால் உரக்குழியில் கொட்டிவிடுங்கள்.

பேரில் என்சைம் என்று இருந்தாலும் மூன்று மாதம் கழித்து அதில் வேலை செய்வது பெரும்பாலும் புளிப்பேறிய அமிலம்தான். தோலிலிருந்து இறங்கிய எண்ணெய் வாசனை கொடுக்கும். பாத்திரம் தேய்க்க, தரை துடைக்க, கழிப்பறை மஞ்சளை எடுக்க மிக நல்லது. செப்டிக் டேங்குக்கும் கெடுதல் செய்யாது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு சிறு டம்ளர் போதும். ஆனால் ஒருவர் வீட்டில் போட்டது இன்னொருவர் வீட்டில் போட்டதுபோல் இருக்காது. தோல், வெல்லம், வெப்பம், நாள் எல்லாம் மாறும். பலம் தெரியாத ஒன்றைக் கிருமிநாசினி என்று சொல்லி நோயாளி அறையில் பயன்படுத்தக் கூடாது.

எலுமிச்சைக்காகக் கூடுதல் செலவும் வேண்டாம். ஊறுகாய்க்கும் சாற்றுக்கும் போக மிஞ்சுகிற தோல் போதும். பழத்தையே வெட்டிப் போட்டு என்சைம் செய்வது வீண் என்பது என் எண்ணம்.

புல்தைலம் ஊத்தித் தொடைச்சா வீடே மணக்குது. கொசு, கிருமி ரெண்டும் போயிருங்களா?

எலுமிச்சைப்புல்லைக் காய்ச்சி வடித்த எண்ணெய்தான் இந்தப் புல்தைலம். கேரளத்துக்கும் இதற்கும் நெடுநாள் உறவு. ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகம் வழியாக உலகமெல்லாம் போனதால் இதற்குக் கொச்சி எண்ணெய் என்றே பெயர் இருந்தது. எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் 1951லேயே இந்தப் புல்லுக்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கிருந்து வந்த சுகந்தி என்ற ரகம் இன்றும் பேர்பெற்றது.

எண்ணெயில் முக்கால் பங்கு அளவுக்குச் சிட்ரால் என்ற பொருள் இருக்கிறது. மணமும் அதுதான், கிருமியை எதிர்ப்பதும் அதுதான். ஆய்வுக்கூடத்தில் எண்ணெயை நேரடியாக வைத்துப் பார்த்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் அடங்குவது உண்மை. ஆனால் நாம் ஒரு வாளித் தண்ணீரில் விடுவது சில சொட்டுகள். அந்த அளவில் மணம் வரும், ஈயும் கொசுவும் கொஞ்ச நேரம் விலகி இருக்கும். தரையில் இருக்கும் கிருமி செத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். முதலில் துடைக்கும் இடத்தில் எண்ணெய் முழுக்க ஏறி வழுக்கும், அடுத்த அறைக்கு வெறும் தண்ணீர்தான் போகும். ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் புல்தைலத்தை முதலில் கலக்கி, அதன் பிறகு வாளியில் ஊற்றுங்கள். வயதானவர்கள் நடக்கும் இடத்தில் உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள்.

கடைகளில் பச்சை நிறத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் சில புட்டிகளில் இருப்பது சோப்பும் நிறமும் வாசனையும் மட்டுமே. உண்மையான எண்ணெய் வெளிர் மஞ்சள் முதல் செம்மஞ்சள் வரை இருக்கும், சொட்டு கையில் பட்டால் காந்தும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்.

மஞ்சத்தண்ணி, வேப்பிலைத் தண்ணி? கொரோனா அப்போ தெருவெல்லாம் தெளிச்சாங்களே.

2020ல் தெளித்தார்கள், நல்ல மனதோடுதான் தெளித்தார்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. கரைந்த கொஞ்சமும் வெயில் பட்டால் சிதைந்துவிடும். தரையில் மிஞ்சுவது நிறம். வாசற்படிக்கு மஞ்சள் பூசுவது மங்கலத்துக்கு, அது அந்த அளவில் இருக்கட்டும்.

வேப்பிலையைக் காய்ச்சிய தண்ணீர் பூச்சிக்கு ஓரளவு உதவும். அரிசி, பருப்பு டப்பாவில் காய்ந்த வேப்பிலை போடுவது நல்ல வழக்கம். தரையின் கிருமிக்கு அதை நம்ப வேண்டாம். காய்ச்சிய வேப்பிலைத் தண்ணீரை இரண்டு நாள் வைத்திருந்தால் அதிலேயே கிருமி வளரும் என்பதையும் மறக்காதீர்கள்.

எங்க அம்மிச்சி சாணி தெளிச்சாத்தான் வாசல் சுத்தம்னு சொல்றாங்க. கோமியம் தெளிக்கறதும் உண்டு. நான் வேண்டாம்னா கோவிச்சுக்கறாங்க.

அம்மிச்சியிடம் (பாட்டியிடம்) சண்டை போட வேண்டாம். மண் வாசலில் சாணம் தெளித்தால் புழுதி அடங்கும், மண் இறுகும், கோலம் நிற்கும். அந்த வேலைக்கு அது சரி. ஆனால் சாணம் கிருமிநாசினி இல்லை. மாட்டின் குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி சாணத்தில் இருக்கும். ரணஜன்னியைத் தரும் டெட்டனஸ் கிருமியின் வித்துகளும் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். அவை எளிதில் சாகாது. தொப்புள் கொடி விழாத குழந்தை இருக்கும் வீட்டுக்குள்ளும், காலில் புண் இருப்பவர் நடக்கும் இடத்திலும் சாணம் வேண்டாம். புண்ணின் மேலோ தொப்புளிலோ சாணம், சாம்பல் வைப்பதை அறவே நிறுத்த வேண்டும்.

கோமியத்துக்கும் இதே பேச்சு. எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ் எலியின் சிறுநீரில் மட்டும் வருவதில்லை, நோயுள்ள மாட்டின் சிறுநீரிலும் வரும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு மிதிப்பவர்கள் அதிகமுள்ள வீடுகளில் இதை நினைவில் வையுங்கள். அம்மிச்சிக்குத் திருப்தி வேண்டுமென்றால் வாசலோடு நிறுத்திக்கொண்டு, தெளித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

சாணத்துக்குப் பதிலாக வாசலில் தெளிக்கும் சாணிப்பவுடர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் பச்சையாகவும் மஞ்சளாகவும் பொட்டலத்தில் வந்த அந்தத் தூளில் சாணம் துளிகூட இல்லை. மஞ்சள் தூள் ஆரமைன், பச்சைத் தூள் மாலகைட் கிரீன். இரண்டும் தொழிற்சாலைச் சாயம், கொடிய விஷம். வயிற்றுக்குள் போனால் முறிக்க மருந்தில்லை. வீட்டில் பழைய பொட்டலம் இருந்தால் இன்றே அகற்றுங்கள். தெரியாமல் யாராவது விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் பொட்டலத்தோடு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சுண்ணாம்பு அடிக்கிறது வெறும் அழகுக்குத்தானுங்களா?

இல்லை. பழைய வழக்கங்களில் விஞ்ஞானமும் முழுமையாக ஒத்துக்கொள்கிற ஒன்று இது. நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். அளவில் 12க்கு மேல். அந்தக் காரத்தில் பெரும்பாலான பாக்டீரியாவும் பூஞ்சையும் பிழைக்காது. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பது சுவருக்குப் புதுத் தோல் கொடுப்பதோடு, போன மழைக்காலத்தின் பூசணத்தையும் தீர்க்கிறது. மாட்டுக்கொட்டகை, கோழிக்கூண்டு, குளியலறை வெளிச்சுவர், தேங்காய் போட்டு வைக்கும் அறை இவற்றுக்குப் பெயின்ட்டைவிடச் சுண்ணாம்பு நல்லது. சுவர் மூச்சுவிடும், ஈரம் உள்ளே தங்காது.

ஆனால் அந்தக் காரம் நிலைத்து நிற்காது. காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்லாகிவிடும். அதனால்தான் வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கிறது.

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கல்லைத் தண்ணீரில் போடுங்கள், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், குழந்தைகள் அருகே வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூந்திக்கொட்டையில தரை தொடைக்கிற தண்ணி எப்படிச் செய்யறது?

விதை நீக்கிய பூந்திக்கொட்டை ஒரு கைப்பிடி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவே ஊறட்டும். காலையில் இருபது நிமிடம் சின்னத் தீயில் கொதிக்க வைத்து, கையால் பிசைந்து வடிகட்டினால் நல்ல நுரைத் தண்ணீர். அதில் உள்ள சப்போனின்தான் நுரைக்குக் காரணம், சோப்பைப் போலவே பிசுக்கை எடுக்கும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்துவிடும். பட்டுப் புடவை, வெள்ளி, பாத்திரம், தரை எல்லாவற்றுக்கும் ஆகும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாக எரியும்.

கழுவும் வேலைக்கு எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கிணற்றடியில் கொட்டினாலும் பயமில்லை, தென்னைக்குப் பாய்ந்தாலும் கெடுதல் இல்லை.

கோழி, மீன் வெட்டற பலகையை எப்படிச் சுத்தம் பண்றது? மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்ச்சாப் போதுங்களா?

மஞ்சளும் உப்பும் கவிச்சையை எடுக்கும், சால்மொனெல்லா என்ற கிருமியை எடுக்காது. பலகையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நன்றாகக் கொதிக்கும் தண்ணீரை மெதுவாகப் பலகை முழுக்க ஊற்றி, செங்குத்தாக வெயிலில் நிறுத்துங்கள். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயில் உடம்பை வாட்டினாலும் பலகைக்கும் பாய்க்கும் தலையணைக்கும் அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. கிருமி வாழ ஈரம் வேண்டும். உலர்ந்தாலே பாதி வேலை முடிந்தது. காய்கறிக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் பக்கத்துப் பாத்திரம் வரை கிருமியைக் கொண்டுபோகும். ஒரு சட்டியில் வைத்து அலுங்காமல் அலசுங்கள், அல்லது கழுவாமலே நன்றாக வேகவையுங்கள்.

பலகையைவிட மோசம் அடுப்படித் துணி. நாளெல்லாம் ஈரமாகக் கிடக்கும், அதைக் கொண்டே மேடை, தட்டு, கை எல்லாம் துடைப்போம். ஒரே அழுக்குத் துணியால் வீடு முழுக்கத் துடைப்பது விதை தூவுவதைப் போல, கிருமியை எல்லா இடத்திலும் போட்டுவிட்டு வருகிறோம். தினமும் துவைத்து வெயிலில் காயப்போட்டு, வாரத்தில் இரண்டு மூன்று முறை சலவைச் சோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். எந்த வினிகரும் எந்த என்சைமும் இதற்கு ஈடாகாது. கழிப்பறைக்கும் அடுப்படிக்கும் மாப்புத் துணி தனித்தனியாக இருக்கட்டும்.

புள்ளைக்கு வாந்திபேதி. அன்னைக்கும் இயற்கையா எதாச்சும் போட்டாப் போதுங்களா?

அன்றைக்குப் போதாது. இந்த இடத்தில் நான் பிளீச்சிங் பவுடரைத்தான் சொல்வேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுக்க வீடுகளையும் கிணறுகளையும் மீட்டது அந்த வெள்ளைத் தூள்தான். நோரோ வைரஸுக்குக் கை சானிடைசர் சரியாக வேலை செய்யாது; கைக்குச் சோப்பு, தரைக்குக் குளோரின்.

நல்ல பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 33 சதவீதம் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் போட்டால் 0.1 சதவீதக் கரைசல். கதவுப்பிடி, கழிப்பறை, தரை துடைக்க இது. வாந்தி, மலம், ரத்தம் சிந்திய இடத்துக்கு லிட்டருக்கு 15 கிராம், அதாவது 0.5 சதவீதம். தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி 3, 4 கிராம் வரும். கலக்கிக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் 5 சதவீத பிளீச் திரவம் வாங்கியிருந்தால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் ஊற்றினால் 0.1 சதவீதம், 9 பங்கு ஊற்றினால் 0.5 சதவீதம்.

சிந்தியதை முதலில் பழைய காகிதத்தாலோ துணியாலோ அள்ளி, பையில் கட்டிப் போடுங்கள். இடத்தைச் சோப்பால் கழுவி, கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு தண்ணீரால் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையில் உறை இருக்கட்டும். கரைசலை அன்றன்றைக்கே கலக்குங்கள், மறுநாள் பலம் இருக்காது. தூளையும் காற்றுப் புகாமல், ஈரம் படாமல் வையுங்கள். மூடி திறந்து கிடந்த பழைய டப்பாவில் வாடை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

குளோரின் வேண்டாம்னா வேற வழி?

மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. நம் ஊரில் பெரும்பாலும் 6 சதவீதப் புட்டி வரும். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். துடைத்துச் சுத்தமான இடத்தில் தெளித்துப் பத்து நிமிடம் விடுங்கள். கடைசியில் அது தண்ணீரும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்துவிடுவதால் வாடையோ எச்சமோ இருக்காது. வெளிச்சம் படாத புட்டியில் வையுங்கள். நிறத்துணி வெளுக்கும்.

எதை எதோட கலக்கக் கூடாது?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பும் சேரக் கூடாது: வினிகர், எலுமிச்சை, எலுமிச்சை உப்பு, பயோ என்சைம், கழிப்பறை ஆசிட். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரோடு கோமியம் சேர்ந்தால், அதில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் வாயு வரும்; நுரையீரலைப் புண்ணாக்கும். வாசலில் கோமியம் தெளித்துவிட்டுச் சுத்தத்துக்குச் சுத்தம் என்று மேலே பிளீச்சிங் பவுடரும் தூவுகிறவர்கள் நம் பக்கம் உண்டு, அவர்களுக்காகவே சொல்கிறேன். பிளீச்சிங் பவுடரோடு சானிடைசர், ஸ்பிரிட் கூடாது. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே புட்டியில் ஊற்றக் கூடாது.

கழிப்பறையில் இன்று என்சைம் போட்டால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, பிளீச்சிங் பவுடரை நாளைக்குப் போடுங்கள். தெரியாமல் கலந்து மூக்கு எரிந்தால் அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவ நிற்காதீர்கள்.

போர் தண்ணியில குழாய், டைல்ஸெல்லாம் வெள்ளை வெள்ளையா உப்பு. அதுக்கு?

கிழக்குச் சித்தூர் மழை குறைந்த பூமி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினம். அந்த வெள்ளை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், புளிப்பில் கரையும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு. துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரைமணி விட்டுத் தேயுங்கள். ஷவர் துளைக்கும் இதுவே.

ஆனால் இதே புளிப்பு சமையல் மேடைக் கடப்பாக் கல்லில் பட்டால் கல் வெளிறிப்போகும். கடப்பாக் கல்லும் பளிங்கும் சுண்ணாம்புக் கல் வகைதான். மொசைக், பழைய வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரை இரண்டிலும் புளிப்பு ஏறினால் மெருகு போய்விடும், திரும்பி வராது. அவற்றுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் அல்லது சோப்பு மட்டும்.

சாம்பிராணி, கற்பூரம் போட்டாக் காத்து சுத்தமாகுமில்லைங்களா?

மணக்கும், கொசு கொஞ்சம் விலகும். புகை நுண்தூசிதான்; இளைப்பு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் கெடுதல். காற்றுக்கு வைத்தியம் ஜன்னல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊரில் இருந்துகொண்டு ஜன்னலை மூடி வைக்கலாமா?

வீட்டுல பூனை இருக்கு, சின்னப் பொண்ணும் இருக்கா. இயற்கைன்னா பயமில்லைதானுங்களே?

பயம் உண்டு. பூனையின் ஈரலுக்குப் பல தாவர எண்ணெய்களையும் பினாயில் வகைகளையும் உடைத்து வெளியேற்றும் சக்தி குறைவு. தரையில் நடந்து, காலை நக்கியே விழுங்கிவிடும். பூனை உள்ள வீட்டில் புல்தைலம், யூகலிப்டஸ் தைலம், பினாயில் மூன்றும் வேண்டாம். சோப்பும் வெந்நீரும் போதும்.

குழந்தைக்குக் கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் பெரிய ஆபத்து. சிறு துண்டுக் கற்பூரமோ ஒரு தேக்கரண்டித் தைலமோ வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

என்சைம், வினிகர், பூந்திக்கொட்டைத் தண்ணீர், பிளீச்சிங் கரைசல் எதையும் குடிதண்ணீர்ப் புட்டியிலோ ஜூஸ் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். தனிப் புட்டி, மேலே பெயரும் தேதியும், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், சமையல் சாமான் இல்லாத அலமாரியில்.